நிலக்கோட்டைத் தனித்தொகுதியில் நீதிக்கட்சி

அமெரிக்க அரசியலைப் பேசுவோரிடம் ஒரு பழைய விளையாட்டு உண்டு. அலெக்ஸாண்டர் ஹாமில்டன் இன்று இருந்தால் எந்த மேடையில் ஏறுவார், தாமஸ் ஜெஃபர்சன் யாருக்கு வாக்குக் கேட்பார் என்று ஊகித்துப் பார்ப்பதுதான் அது. விடை ஒருபோதும் பிடிபடுவதில்லை. வலுவான மைய அரசு வேண்டும் என்ற ஹாமில்டன் முதல் பார்வைக்கு இன்றைய ஜனநாயகக் கட்சிக்காரர்போலத் தெரிவார். வங்கிக்காரர்களுக்கும் வணிகர்களுக்கும் பரிந்து பேசத் தொடங்கியதும் எதிர்வரிசைக்குப் போய்விடுவார். மாநில உரிமை பேசிய ஜெஃபர்சனைக் குடியரசுக் கட்சி உரிமை கொண்டாடலாம். ஆனால் அவர் பெயரையும் ஆண்ட்ரூ ஜாக்சன் பெயரையும் சேர்த்து ஆண்டுதோறும் விருந்து வைத்து நிதி திரட்டி வந்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். இருவரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்ற பேச்சு வலுத்த பிறகே பல மாநிலங்களில் அந்த விருந்தின் பெயரை மாற்றினார்கள். இதே கேள்வி தமிழ்நாட்டில் வேறு உருவில் கேட்கப்படுகிறது: நீதிக்கட்சி இன்று இருந்தால் யாரோடு கூட்டணி வைக்கும்? பொதுவாகக் கேட்டால் இதுவும் பிடிபடாது. ஓர் ஊரில் நிறுத்திக் கேட்டால் ஏதாவது தெரியவரும். அதற்கு வத்தலக்குண்டு பொருத்தமான ஊர். சட்டமன்றத்துக்கு நிலக்கோட்டைத் தனித்தொகுதி, நாடாளுமன்றத்துக்குத் திண்டுக்கல். மேற்கே போகும் சாலை தேனி வழியாக, நீதிக்கட்சியின் பெயரைக் கடைசிவரை விடாதிருந்த பி. டி. ராஜனின் உத்தமபாளையத்துக்குப் போகிறது. சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்ததும் இங்கேதான். இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், பழைய கட்சியை வேரோடு பெயர்த்து இன்றைய தேர்தலில் நட முடியாது என்பது புலப்படும். அதன் கோரிக்கை மட்டும் காலம் தாண்டி வரும். அதுவும் தன்னைப் பெற்ற கட்சியை விட்டு இறங்கித்தான் வரும்.

முதலில் நீதிக்கட்சி வென்ற தேர்தல் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1916 நவம்பரில் டி. எம். நாயர், பிட்டி தியாகராயர், நடேச முதலியார் ஆகியோர் முன்னின்று தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கில நாளிதழின் பெயரே கட்சிக்கு ஒட்டிக்கொண்டது. மாண்டேகு – செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தப்படி 1920இல் நடந்த முதல் தேர்தலில் சென்னை மாகாணத்தின் ஏறத்தாழ 4 கோடி மக்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு மூவர். சொத்தும் வரியும் உள்ள ஆண்களின் பட்டியல் அது; பெண்களுக்கு இடமில்லை. இன்றைய திண்டுக்கல் மாவட்டம் 1985இல் பிறந்தது. அன்று வத்தலக்குண்டு மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது, நாட்டுப்புறத்தில் மாவட்டம்தான் தொகுதி. அந்தப் பரப்பில் பட்டியலில் உள்ள நிலவுடைமையாளர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டால் பிரசாரம் முடிந்தது. சபையில் மொத்தம் 132 பேர். தேர்ந்தெடுக்கப்பட்ட 98 பேரில் 63 பேர் நீதிக்கட்சியினர். இந்த வெற்றியில் பாதி, காங்கிரஸ் ஒத்துழையாமையின்பேரில் தேர்தலைப் புறக்கணித்ததால் கிடைத்தது. ஒதுக்கீட்டுக் கட்சி என்று இன்று நாம் நினைக்கும் கட்சி, அந்தச் சபையில் பிராமணரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்று வாதாடிப் பெற்றிருந்தது. தேர்தல் முடிந்து பார்த்தால் அவர்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டி எங்கோ போயிருந்தார்கள். ஒதுக்கீடு இல்லாமலே வென்றிருக்கலாம். வாக்காளர் யார் என்பது கட்சித் தலைவர்களுக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தக் கட்சி இன்று நிலக்கோட்டையில் வேட்புமனுத் தாக்கல் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் படியிலேயே அதன் உருவம் மாறிவிடுகிறது. இது தனித்தொகுதி; வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகத்தான் இருக்க முடியும். 1920இன் சபையில் தாழ்த்தப்பட்ட வகுப்பார் தேர்தல் வழியாக வரவில்லை, ஐந்து பேரைக் கவர்னர் நியமித்தார். ஆதிதிராவிடர் தலைவரான எம். சி. ராஜா அப்படி உள்ளே வந்தவர். 1921இல் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கும் மோதல் வெடித்தபோது நீதிக்கட்சித் தலைவர்கள் எந்தப் பக்கம் பேசினார்கள் என்பதை அவர் மறக்கவில்லை. 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். ‘பிராமணரல்லாதார்’ என்ற ஒரே குடைக்குள் ஜமீன்தாரையும் சேரியையும் நிறுத்த முடிந்ததற்குக் காரணம், சேரியிடம் வாக்குச்சீட்டு இல்லாததுதான். 1932இல் பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்தில் 30 இடங்களை ஒதுக்கியது. அந்த நாளிலேயே அந்தக் குடையின் ஒரு கம்பி ஒடிந்தது. இன்று நிலக்கோட்டையில் வாக்குக் கேட்கப் போகும் நீதிக்கட்சி, தான் 1916இல் வெளியிட்ட அறிக்கையில் யாருக்காகப் பேசினேன் என்று சொன்னதோ அவர்களுக்குள்ளேயே யார் யாரை அடக்கி வைத்திருந்தார் என்ற கேள்விக்கு வீதியில் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியைத் தாங்கும் அமைப்பு அதனிடம் எப்போதும் இருந்ததில்லை.

வென்று சட்டமன்றத்துக்குள் போய்விட்டால்? அங்கேயும் அதற்கு மூச்சுத் திணறும். 1923 நவம்பரில் பனகல் அரசர் அமைச்சரவைமீது சி. ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். அவரே நீதிக்கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர். 65க்கு 44 என்று தீர்மானம் தோற்றது. அன்றைய உறுப்பினர் கட்சி மாறுவதும் திரும்பி வருவதும், ஒரு தீர்மானத்தில் இங்கும் அடுத்ததில் அங்கும் கையைத் தூக்குவதும் வழக்கம். கட்சி என்பது ஒத்த கருத்துள்ள பெரிய மனிதர்கள் கூடும் வட்டம். 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின் கொறடாவின் உத்தரவுதான் கட்சி. நிலக்கோட்டை வாக்காளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017இல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 அதிமுக உறுப்பினர்களில் இந்தத் தொகுதிக்காரரும் ஒருவர். அந்த இடம் 2019 இடைத்தேர்தல்வரை காலியாகக் கிடந்தது. பனகல் அரசரின் சபையை இன்றைய சட்டத்துக்குள் வைத்தால் ஆளும் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் பாதிப்பேர் பதவியிழந்திருப்பார்கள்.

அமெரிக்காவின் முதல் கட்சிகளும் இதே கட்டுமானம்தான். கட்சி கட்டுவதே நாட்டுக்குக் கேடு என்று 1796இல் விடைபெறும் உரையில் ஜார்ஜ் வாஷிங்டன் எச்சரித்தபோது, அவருடைய அமைச்சரவையிலிருந்தே இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டிருந்தன. ஹாமில்டனின் ஃபெடரலிஸ்டுகள் ஒருபுறம். ஜெஃபர்சனும் மேடிசனும் நடத்திய குடியரசினர் மறுபுறம். சபைக்குள் இருந்தவர்கள் சபைக்குள் அணிபிரிந்து, பிறகு வெளியே ஆதரவு தேடினார்கள். குடியரசுத் தலைவர் வேட்பாளரையே காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடி முடிவு செய்தார்கள். வாக்காளர் என்றால் பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்கள். ஹாமில்டன், ஜெஃபர்சன் இருவரில் வெளியே போய் ஆள் சேர்க்கக் கற்றுக்கொண்டவர் ஜெஃபர்சன்; பத்திரிகைகளையும் உள்ளூர்ச் சங்கங்களையும் அவர் தரப்பு பயன்படுத்திய வேகத்தில் ஃபெடரலிஸ்டுகள் பயன்படுத்தவில்லை. மக்களிடம் போய்க் கெஞ்சுவது கண்ணியக் குறைவு என்று அவர்களில் பலர் நினைத்தார்கள். 1798இல் அரசை விமர்சித்து எழுதுவோரைச் சிறையில் தள்ளும் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். 1800இல் ஆட்சி போனது. 1816இல் கடைசியாக அவர்கள் ஆதரவு பெற்று நின்ற ரூஃபஸ் கிங் 34 தேர்வாளர் வாக்குகளோடு நின்றுவிட்டார். எதிர்த்த மன்றோவுக்கு 183. அதன்பின் அந்தக் கட்சிக்குத் தலைவர் வேட்பாளரே இல்லை. 1824இல் வாக்குரிமை உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் வாக்களித்தார். 1840இல் ஐந்தில் நால்வர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இன்று நாம் கட்சி என்று அழைக்கும் பொருள் அந்த நாட்டில் உருவானது. ஹாமில்டனும் ஜெஃபர்சனும் அதற்கு முந்தைய உலகத்தவர்கள்.

நம் ஊரில் இந்த இடைவெளியைக் காட்ட வத்தலக்குண்டுக்காரரே இருக்கிறார். 1907 சூரத் மாநாட்டில் காங்கிரஸ் உடைந்தபோது மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று பெயர் பெற்ற இரண்டு தரப்பையும் அன்று ‘கட்சி’ என்றே சொன்னார்கள். ஆனால் அந்தக் கட்சிகள் தேர்தலுக்கானவை அல்ல. திலகர் பக்கம் நின்ற சுப்பிரமணிய சிவா தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு சேர்ந்து 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார், வேலைநிறுத்தம் நடந்தது, மார்ச்சில் கைதானார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி எவருக்கும் வாக்கில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வாக்கு வந்தபோதும் அவர்களுக்கு வரவில்லை. பட்டியலில் இருந்தவர்களிடம் போனது ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிய நீதிக்கட்சி. ‘திராவிடன்’ என்று தமிழ் நாளிதழும் அது நடத்தியது, உண்மைதான். ஆனாலும் ஆலை வாசலிலும் சந்தை மேட்டிலும் கூட்டம் கூட்டிப் பழகியவர்கள் எதிர்த்தரப்பில் இருந்தார்கள். ஒரு தரப்பிடம் கேட்க ஆள் இருந்தது, வாக்கு இல்லை. மற்றதிடம் வாக்கு இருந்தது, கேட்க வந்த கூட்டம் சிறிது. பட்டியல் பெருத்தால் யார் பக்கம் சாயும் என்பதை 1937 சொன்னது.

அந்த ஆண்டு 1935 சட்டப்படி வாக்காளர் எண்ணிக்கை பல மடங்கானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்சிக்கொரு நிறப்பெட்டி, காங்கிரசுக்கு மஞ்சள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் பிரசாரம் காந்தி பெயரையும் மஞ்சள் பெட்டியையும் சேர்த்தே ஒலித்தது. இரட்டை இலைக்கும் உதயசூரியனுக்கும் பாட்டன் என்று அந்தப் பெட்டியைச் சொல்லலாம். நீதிக்கட்சி அமைச்சர்கள் பொருளாதார மந்தத்தின் நடுவில் மாதம் 4,333 ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். காங்கிரஸ் தன் அமைச்சர்களுக்கு 500 ரூபாய் போதும் என்றது. 215 இடங்களில் காங்கிரசுக்கு 159, நீதிக்கட்சிக்கு 18. முதன்மை அமைச்சர் பொப்பிலி அரசர் தன் சொந்த மண்ணான பொப்பிலியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். பணம் உள்ள கட்சி தேர்தலில் தோற்காது என்று இன்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஜமீன்களே நேரடியாக நின்ற அந்தத் தேர்தல் அவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான சான்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். அமைப்பு செத்தால் என்ன, கொள்கை வென்றதே. திராவிடக் கட்சிகள் அனைத்தும் நீதிக்கட்சியின் வாரிசுகள்தானே, பிறகு அது இன்றைய தேர்தலில் தோற்கும் என்று சொல்வதில் பொருள் என்ன? இந்த மறுப்பு பாதி சரி; ஆனால் அந்தப் பாதியே என் வாதத்துக்கு ஆதாரம். நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி அரசாணைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். அரசு வேலைகளை வகுப்புவாரியாகப் பங்கிட, 1921இல் தொடங்கி 1920களின் கடைசியில் நடைமுறைக்கு வந்த ஆணை அது. பெற்ற கட்சி 1937இல் தரைமட்டமானது. ஆணையைக் கைவிடாமல் வைத்திருந்தது எதிரி. 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் காங்கிரஸ் அரசு அதைத் திருத்திப் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனி இடமும் சேர்த்தது. அரசியலமைப்பு வந்ததும் செண்பகம் துரைராஜன் வழக்கில் அந்த ஆணைக்காக உச்சநீதிமன்றம்வரை போய் வாதாடியதும் காங்கிரஸ் அரசுதான். 1951 ஏப்ரலில் தோற்றார்கள். இங்கே கிளர்ச்சி எழுந்தது. ஜூனில் நேருவின் அரசு முதல் திருத்தமாகப் பதினைந்தாம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. இந்தக் கதை முழுவதிலும் நீதிக்கட்சி என்ற அமைப்புக்குச் சொல்லும்படியான வேலை இல்லை. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. ஹாமில்டனின் தேசிய வங்கியை எதிர்த்தே கட்சி கட்டிய மேடிசன், தலைவராக இருந்தபோது 1816இல் இரண்டாம் தேசிய வங்கிக்குக் கையெழுத்திட்டார். ஃபெடரலிஸ்ட் கட்சி தன் கடைசித் தலைவர் தேர்தலில் தோற்ற அதே ஆண்டு. அந்தக் கட்சிக்காரரான ஜான் மார்ஷல், கட்சி மறைந்த பின்னும் 1835வரை உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து மைய அரசின் அதிகாரத்தைத் தீர்ப்புத் தீர்ப்பாக உறுதிப்படுத்தினார். எதிராளியே தன் கோரிக்கையை எடுத்துக்கொண்ட பிறகு அதற்கென்று ஒரு கட்சிக்கு வாக்களிக்கக் காரணம் மிஞ்சுவதில்லை. இன்று நிலக்கோட்டையில் இடஒதுக்கீட்டை ஆதரிக்கிறோம் என்று சொல்லி வாக்குக் கேட்கும் நீதிக்கட்சியிடம், இங்கே எதிர்ப்பவர் யார் என்று வாக்காளர் திருப்பிக் கேட்பார்.

‘வாரிசு’ என்ற சொல்லும் அவ்வளவு நேரானது அல்ல. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் பெரியார் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது; தேர்தலே வேண்டாம் என்றது அந்தக் கழகம். ஏற்காதவர்கள் பழைய பெயரை வைத்துக்கொண்டார்கள்; பி. டி. ராஜன் அவர்களுக்குத் தலைவரானார். 1936இல் சில மாதங்கள் முதன்மை அமைச்சராக இருந்தவர் அவர். சபரிமலைக் கோயில் தீயில் சேதமான பின் புதிய ஐயப்பன் சிலையை அளிக்க முன்னின்றவரும் அவரே. பெரியாரின் நாத்திகத்துக்கும் இவருக்கும் ஒரே கட்சியில் இடம் இருந்தது என்பதே அந்தக் கட்சி எவ்வளவு தளர்ந்த கட்டு என்பதைக் காட்டும். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற முதல் தேர்தலான 1952இல் நீதிக்கட்சி ஒன்பது சட்டமன்ற இடங்களில் நின்றது. வென்றவர் ராஜன் ஒருவரே, கம்பத்தில். ஆக, ‘நீதிக்கட்சி நவீனத் தேர்தலில் நின்றால்’ என்பது வெறும் கற்பனை அல்ல. இங்கிருந்து சில மணிநேரத் தொலைவில் நடந்தே முடிந்த சோதனை. அதில் வென்றது கட்சியா, உத்தமபாளையத்துக் குடும்பத்தின் செல்வாக்கா என்று கேட்டால், மற்ற எட்டு இடங்களின் முடிவைப் பார்த்துப் பின்னதையே நான் சொல்வேன். அவர் மகன் பழனிவேல்ராஜன் திமுகவில் சேர்ந்து 1996இல் பேரவைத் தலைவரானார்; பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021இல் நிதியமைச்சர். குடும்பத்துக்குள்ளேயே கோரிக்கை கட்சி மாறிப் பயணம் செய்திருக்கிறது.

இன்னொரு மறுப்பு காங்கிரசைக் காட்டும். 1885இல் பிறந்தது இன்றும் இருக்கிறது. 1828இல் ஜாக்சனைச் சுற்றி எழுந்த ஜனநாயகக் கட்சியும் இருக்கிறது. பழைய கட்சி புதிய தேர்தலில் வாழாது என்பது எப்படிச் சரி? வாழ்ந்தவை எவை என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கூடி ஆங்கிலத்தில் தீர்மானம் போட்ட 1885இன் காங்கிரஸ் நிலைத்திருக்கவில்லை. 1920 நாக்பூரில் நாலணா உறுப்பினர்களையும் மொழிவாரி மாகாணக் கமிட்டிகளையும் வைத்துப் புதிதாகக் கட்டப்பட்ட காங்கிரசே நிலைத்தது. நாட்டுப்புறத்துக்கு வாக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது நாட்டுப்புறத்துக்குப் போய்விட்டிருந்தது. ஜனநாயகக் கட்சியும் பட்டியல் பெருத்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்கென்றே கட்டப்பட்டது. இரண்டும் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றியவை. இரண்டும் எத்தனை முறை தங்கள் முந்தைய நிலைக்கு நேரெதிராகப் போயிருக்கின்றன என்பதைப் பார்த்தால், பெயர் வாழ்ந்ததைக் கட்சி வாழ்ந்ததாகக் கொள்ளத் தயக்கம் வரும். நீதிக்கட்சிக்கும் அப்படியொரு வாய்ப்பு இருந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானம் நிறைவேறியது அதன் ஆட்சியில்தான். பட்டியலைப் பெரிதாக்கத் தெரிந்த கட்சி, பெரிதான பட்டியலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளத் தவறியது.

இன்றைய களத்தின் கணக்கோ வேறு. இந்தத் தொகுதிகளில் எந்தக் கட்சியும் தனியாக நின்று வெல்வது அரிது. 2024இல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றது மார்க்சிஸ்ட் கட்சி. திமுக கூட்டணி இல்லாமல் அந்த வெற்றியை நினைத்துப் பார்க்க முடியாது. கூட்டணிக்குள் போகும் நீதிக்கட்சி, தன் கோரிக்கை ஏற்கெனவே அச்சிடப்பட்ட வேறொரு கட்சியின் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வாக்குக் கேட்க வேண்டியிருக்கும். தனியே நின்றாலோ ஆறில் ஒரு பங்கு வாக்கு வராமல் டெபாசிட் போகும். பதிவு பெற்றும் அங்கீகாரம் பெறாத கட்சிக்குச் சொந்தச் சின்னமும் கிடையாது. தேர்தல் ஆணையம் நீட்டும் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட சின்னம்தான் இரட்டை இலை. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் அதிமுகவைத் தொடங்கினார். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அதன் முதல் வேட்பாளராக நின்ற மாயத்தேவர், பட்டியலிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்தார். ஏழு மாதக் கட்சி வென்றது. காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாம் இடம். ஆளும் திமுக மூன்றாம் இடம். ஆறாண்டுகள் கழித்து அதே எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டிய பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இடஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் அதிமுகவுக்கு இரண்டே கிடைத்தன. திமுகவும் இந்திரா காங்கிரசும் கைகோத்ததற்கும் அதில் பங்குண்டு. ஆனால் அந்த ஆணையைத்தான் எம்.ஜி.ஆர். உடனே விலக்கினார், விலக்கியதோடு பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்தினார். நீதிக்கட்சி என்ற பெயர் எந்தச் சுவரிலும் இல்லாத தேர்தல் அது. அந்தத் தேர்தலிலும் திண்டுக்கல்லில் வென்றவர் மாயத்தேவர்தான். இந்த முறை அவர் நின்றது உதயசூரியன் சின்னத்தில்.